இடது பக்கத்து ஆர்ம்

மேல் வீடு பாக்க வந்தவங்கதானுங்களே? புரோக்கர் போன்ல சொன்னாருங்க. உக்காருங்க. வெள்ளையடிக்கற ஆளு சாவியக் கையோட எடுத்துட்டு டீ குடிக்கப் போயிட்டான். இப்ப வந்துருவான். ஃபேன் போடட்டுங்களா?

அதுங்களா? நீங்க கேட்டைத் தொறக்கறப்பவே அதைத்தான் பாத்தீங்க, நானும் கவனிச்சேன். தார்ப்பாய் போட்டு மூடியிருக்கறது காருங்க. ஃபியட்டு, பழைய மாடல். இந்தக் காலத்து வண்டிக்கு நேர் எதிரா கதவு தொறக்கும். வேணும்னா தூக்கிக் காட்டறேன். ஆனா பின்பக்கம் மட்டும் பாருங்க. முன்னாடி இடது பக்கம் பாக்க வேண்டாம். அந்தப் பக்கம் நானே பாக்கறதில்லீங்க.

மேல யாரு இருந்தாங்கன்னு புரோக்கர் சொல்லலீங்களா? எம்பட மகளும் மாப்பிள்ளையும்தான் இருந்தாங்க. போன மாசம் காலி பண்ணிட்டாங்க. மகள் காலி பண்ணினா, அப்படித்தான் சொல்லோணும். அவன் இப்ப ஜெயில்ல இருக்கறான்.

பயப்படாதீங்க. திருட்டு கிருட்டு இல்ல. வண்டி ஓட்டின கேசு. எம் பொண்டாட்டி செத்துப் போனா, அதுக்கு.

நீங்க குடி வரப் போறவங்க. நாளைக்குக் கடைவீதில எவனாச்சும் ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லுவான். அதுக்கு நானே சொல்லிப் போடறேன். நான் பம்பு கம்பெனில பெயிண்ட் செக்சன் சூப்பர்வைசருங்க. முப்பது வருசம். இந்த நாச்சிமுத்து செக்சன்ல இருந்து ஒரு பம்பு வெளிய போச்சுன்னா அதுல ஒரு வழிசல் இருக்காது, ஒரு கொப்புளம் இருக்காது. உள்ள ஓட்டை இருந்துச்சுன்னா அது வார்ப்புக்காரன் பாடு. வெளிய மினுங்கோணும், அது எம் பாடு. அப்படித்தான் வேலை பாத்தேன். ஒரு நாள் ஒருத்தன் கை நீட்டிப் பேசினது கெடையாது.

ரிட்டையர் ஆனதும் கை சும்மா இருக்கலீங்க. அப்பத்தான் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்புல இந்தக் கார் கெடக்கறதா கேள்விப்பட்டுப் போய்ப் பாத்தேன். ஒரு டாக்டரோட வண்டி. அவரு காலமாகி, தேங்கா மட்டைக்கு நடுவுல நின்னுட்டு இருந்துச்சு. ஒருக்கா வாய்க்கால்ல எறங்கிருச்சு, தூக்கி நிமித்தி ஓட்டிட்டு இருந்தாருன்னு அந்தம்மா சொன்னாங்க. பழைய வண்டின்னா அதெல்லாம் இருக்கும்ங்க. லாரில ஏத்திக் கொண்டாந்தேன்.

கமலவேணிதான் முதல்ல சிரிச்சா. எம் பொண்டாட்டி. "ஏனுங்க, கோழி முட்டை போட்டு வெச்சிருக்குது பாருங்க"ன்னா. நெசமாலுமே பின்சீட்டுல முட்டை ஓடு கெடந்துச்சு.

எஞ்சினை லூர்துசாமி பாத்துக்கிட்டான். நம்ம மெக்கானிக்கு, பழக்கமானவன். மேல் பாடிய டிங்கரிங் ஆளுக பாத்தாங்க. நான் எடுத்துக்கிட்டது அடிப்பாகம். எல்லாரும் காருக்கு மேல கலர் அடிச்சுட்டுப் போட்டோ எடுப்பாங்க. குனிஞ்சு பாத்தா சேறும் துருவும் கிரீசுமா இருக்கும். சக்கரத்தைத் தாங்கற சாமான் இருக்குதுங்களே, ஸ்பிரிங்கு, ஸ்பிரிங் உக்கார்ற கிண்ணம், அதைப் பிடிச்சுட்டு இருக்கற இரும்புக் கை. ஆர்முன்னு சொல்லுவாங்க. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டு பக்கமும். பின்னாடி பட்டை ஸ்பிரிங்கு. அத்தனையும் கழட்டி எடுத்து, கம்பெனில இருந்து வந்தாப்பல ஆக்கோணும்னு எனக்கு ஒரு வெறி.

லூர்து சொன்னான், மணல் அடிக்கற எடத்துல குடுத்தா ஒரே நாள்ல வெள்ளையா எடுத்துக் குடுத்துருவான்னு. நான் வேண்டாம்னுட்டேன். மணல் அடிச்சா இரும்பு அம்மைத் தழும்பாட்டம் ஆயிரும். கையில தேச்சாத்தான் வழவழப்பு வரும். டீசல்ல ஊறப் போட்டு, பழைய உளிய வெச்சு கிரீசைச் சொரண்டி, கம்பி பிரசு போட்டு, அப்பறம் உப்புத்தாள். முரடு, நடு, நைசு. விரல் ரேகையே போயிருச்சுங்க. ரேசன் கடைல கை வெச்சா மிசின் எடுக்கல. கமலவேணிதான் போய் வெச்சு வாங்கிட்டு வருவா.

ரெட் ஆக்சைடு அடிச்சு மொட்டை மாடில துணி காயப் போடற கம்பில தொங்க விடுவேன். அவ சேலைக்கு நடுவுல ஆர்மு தொங்கும். "கல்யாண வீட்டுக்குத் தோரணம் கட்டினாப்பல இருக்குது போங்க"ன்னு சத்தம் போடுவா. ஒரு சேலைல கறுப்பு பட்டுருச்சு, நல்ல சேலை. திட்டினா. ஆனா நான் ஒரு சாமானைத் திருப்பிப் பிடிக்கத் தடுமாறினா, கையத் தொடைச்சுட்டு வந்து பிடிப்பா. அடிச்ச பெயிண்ட்டு சரியா இருக்குதான்னு வெளிச்சத்துக்கு நேரா சாச்சுக் காட்டுவா. நான் சொல்லிக் குடுத்ததில்ல, அவளாவே தெரிஞ்சுக்கிட்டா. நல்லா இருந்துச்சுங்க அந்த வெயில் காலம். பொய் சொல்லக் கூடாது, நல்லா இருந்துச்சு.

கெடுத்தது அவன்தான்.

மாப்பிள்ளைங்க. பேரு தனபாலு. பாலிடெக்னிக்ல ஒர்க்ஷாப் வாத்தியாரு. அப்பெல்லாம் வாங்க போங்கன்னுதான் பேசுவேன். இப்ப அவன் இவன்னு வாயில வருது, கண்டுக்காதீங்க. எங்களுக்கு ஒரே மக, கோகிலவாணி. கட்டிக் குடுத்துட்டு மேலயே குடி வெச்சுக்கிட்டோம். குடிக்கற ஆளு இல்ல, சத்தம் போடற ஆளு இல்ல. கமலவேணி கொழம்புக் கிண்ணத்தைப் படியில வெச்சா, கழுவி, வெறுங் கிண்ணமா குடுக்கக் கூடாதுன்னு நாலு வாழைப்பழம் வெச்சுக் குடுப்பான். அப்படிப்பட்ட ஆளுன்னுதான் நானும் நெனச்சேன்.

ஒரு நாயித்துக் கெழமை. கீழ் ஆர்ம் நாலாந்தடவை தேச்சு முடிச்சு வெச்சிருந்தேன். இடது பக்கத்துது. வெள்ளி கணக்கா இருந்துச்சு. அவன் பல்லு வெளக்கிட்டே வந்தவன், குனிஞ்சு பாத்தான். கையில எடுத்தான். கிண்ணம் சேர்ற எடத்துல நகத்தை வெச்சு இழுத்தான். மறுக்கா இழுத்தான்.

"ஏனுங் மாமா, இங்க ஒரு கோடு தெரியுதுங்களா?"

"தேச்ச கோடு மாப்ள. நைசுத் தாள் போட்டா போயிரும்."

"நகம் மாட்டுதுங்க மாமா. விரிசலாட்டத் தெரியுது."

அவன் விடலீங்க. உள்ள போய் கோகிலாகிட்டக் கோலமாவு வாங்கிட்டு வந்தான். அந்த எடத்துல டீசலை ஊத்தி, நல்லாத் தொடைச்சு, மாவைப் பூசி, சுத்தியல எடுத்து டொக்கு டொக்குன்னு மெதுவாத் தட்டினான். கமலவேணி, கோகிலா, அந்நேரம் வந்த லூர்து, எல்லாரும் சுத்தி நின்னு பாக்கறாங்க. வெள்ளை மாவுல கறுப்பா ஒரு கோடு ஊறி வந்துச்சு. மயிரிழை மாதிரி. ஒரு விரக்கடை நீளம் வரும்.

"பாத்தீங்களா மாமா. உள்ள போயிருக்குது. வாய்க்கால்ல எறங்கினப்ப விரிசல் விட்டிருக்கும். இத மாத்தித்தான் ஆகோணும்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நீங்களே சொல்லுங்க. அத்தனை பேரு முன்னால. என் வீட்டு வாசல்ல, நான் தேச்ச சாமான்ல, எம் பொண்டாட்டி வாங்கி வெச்ச கோலமாவைப் பூசி எனக்கே பாடம் எடுக்கறான். லூர்துவும் தலையாட்டறான்! "டீசலை ஊத்தினா எங்கயும்தான் ஊறும்"னு சொல்லிப் போட்டு வாங்கிக் கழுவி வெச்சுட்டேன்.

வேற ஆர்ம் தேடினேன், தேடாம இல்ல. உக்கடத்துல பழைய சாமான் கடைல சொல்லி வெச்சேன். ஒண்ணு வந்துச்சு. யாரோ வளைச்சு நிமித்தின சாமான், அங்கங்க சுத்தியல் அடி. அதைப் போட்டா ஒரு பக்கம் தாமரை, ஒரு பக்கம் சேறு. டிசம்பர்ல பழைய கார் கண்காட்சி வருது. அங்க ஜட்ஜு கண்ணாடிய வெச்சு அடியில பாப்பாங்க. ஒரிஜினல் சாமானான்னு பாப்பாங்க.

கமலவேணி சாப்பாடு போடறப்ப சொன்னா, "அவரு சொன்னா காரணம் இருக்குமுங்க. ஒருக்கா லூர்துகிட்டக் குடுத்து என்னன்னு பாத்துருங்களே."

"இருபத்தெட்டு வயசுப் பையன் சொல்றது உனக்கு வேதவாக்கு. நான் சொல்றது கசக்குது"ன்னு தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுட்டேன். நாலஞ்சு நாள் பேசல. அவளும் கெஞ்சல.

கோடுங்கறது பெயிண்ட்காரனுக்கு ஒரு சமாச்சாரமே இல்லீங்க. இரும்புப் பட்டின்னு ஒரு பசை இருக்குது, கெட்டியானதுக்கப்பறம் இரும்புக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாது. வெச்சு அழுத்தி, காய விட்டு, தண்ணி விட்டுத் தேச்சேன். கண்ணை மூடிட்டு விரலை ஓட்டிப் பாத்தேன். ஒண்ணுமில்ல. ரெட் ஆக்சைடு. அப்பறம் கறுப்பு. ரொம்ப மினுங்கற கறுப்பு இல்லீங்க, அது லாரிக்காரன் அடிக்கறது. கம்பெனிக் கறுப்புன்னா பாதி மினுக்கம்தான் இருக்கும், கண்ணுல அடிக்காது. அந்தப் பதம் வர்றதுக்குள்ள மூணு தடவை கலக்கி ஊத்தினேன். நாலு ஆர்மையும் வரிசையா வெச்சா எது எந்தப் பக்கம்னு எனக்கே தெரியாது. அவ்வளவு ஒண்ணா இருந்துச்சு.

லூர்துதான் மாட்டினான். மாட்டறப்ப இடதுபக்கத்து ஆர்மைக் கையில வெச்சுட்டு, "அண்ணா, இது அந்தப் பழசா, மாத்தினதா?"ன்னான். "எப்படித் தெரியுது?"ன்னேன். "புதுசாட்டம் இருக்குது"ன்னான். "அப்பறம் என்ன, மாட்டு"ன்னேன்.

கண்காட்சில ரெண்டாவது பரிசு. ஜட்ஜுல ஒருத்தர் மதராஸ்காரர், பெரிய கார் வெச்சிருக்கறவர், பேன்ட் அழுக்காகறதப் பாக்காம மண்டி போட்டுப் பாத்தாரு. எந்திரிச்சு எங் கையப் பிடிச்சுக் குலுக்கினாரு. கமலவேணி பட்டுச் சேலை கட்டிட்டுப் பக்கத்துல நின்னா. போட்டோ உள்ள இருக்குது, அப்பறம் காட்டறேன்.

தைப் பொங்கல் முடிஞ்சு எனக்குக் கண்ணுல புரை ஆப்பரேசன். கண்ணுல மருந்து ஊத்திட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு உக்காந்திருக்கறேன். அப்பப் பாத்து உடுமலைல எம் பொண்டாட்டியோட அக்கா மகனுக்கு நிச்சயதார்த்தம். கமலவேணிக்கு அந்தக் கார்ல போய் எறங்கோணும்னு ஆசை. ஆசைன்னு வாயத் தொறந்து அவ சொன்னதே இல்ல. ரெண்டு தடவை தார்ப்பாயத் தூக்கித் தொடைச்சா, நான் புரிஞ்சுக்கிட்டேன். மாப்பிள்ளையக் கூப்பிட்டு, "நீங்க ஓட்டிட்டுப் போங்க மாப்ள"ன்னேன்.

அவன் தயங்கினான். அப்பவே தயங்கினான்.

"மாமா, அந்த ஆர்ம்..."

"பாத்தாச்சு மாப்ள."

"மாத்திட்டீங்களா? லூர்து அண்ணன்கிட்டக் காட்டினீங்களா?"

"அதான் பாத்தாச்சுங்கறனே. லூர்துதான் மாட்டினான், வேணும்னா அவனைக் கேளுங்க."

பொய் இல்லீங்க. எந்த எடத்துல வேணும்னாலும் சொல்லுவேன், அது பொய் இல்ல. பாத்தேன். எங் கண்ணால பாத்தேன், கையால தடவிப் பாத்தேன். ஒரு கோடு இல்ல.

கமலவேணி முன்சீட்டுல ஏறி உக்காந்துட்டு மடியில பழத்தட்டை வெச்சுட்டு இருந்தா. இடது பக்கம்தான். அவதான் சொன்னா, "அதெல்லாம் உங்க மாமா பாத்திருப்பாருங்க மாப்பிள்ளை. அவரு பாக்காத எடம் அந்த வண்டில ஏதுங்க?" சிரிச்சுட்டே சொன்னா. கோகிலா பின்னாடி ஏறினா. கேட் வரைக்கும் போய் நின்னேன். மருந்து ஊத்தின கண்ணு, எல்லாம் கலங்கலாத்தான் தெரிஞ்சுது. வண்டி போற சத்தம் மட்டும் நல்லாக் கேட்டுச்சு.

பொள்ளாச்சி தாண்டி ஒரு சின்னப் பாலம். அங்கதான். இடது முன்சக்கரம் உள்ள மடங்கி, வண்டி இழுத்துட்டுப் போய்ப் புளியமரத்துல. அவ பக்கம் அப்படியே மரத்துல.

கோகிலாவுக்கு நெத்தில தையல். அவனுக்குக் கை முறிஞ்சுது. கமலவேணிக்கு... ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழிலயே முடிஞ்சு போச்சுங்க. யாரோ கார் பிடிச்சு என்னையக் கூட்டிட்டுப் போனாங்க. கறுப்புக் கண்ணாடியோடயே போனேன். அழக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு, புதுக் கண்ணுன்னு. நான் அழுகல. அங்க இருந்தவங்க எல்லாம் என்ன நெனச்சாங்களோ.

சித்த இருங்க. தண்ணி குடிச்சுக்கறேன்.

போலீஸ்ல அவன் என்ன எழுதிக் குடுத்தான் தெரியுங்களா? நாய் குறுக்க வந்துச்சு, வேகமாப் போனேன், ஸ்டியரிங்கை ஒடிச்சதுல வண்டி கை மீறிப் போச்சு. அவனே சொன்னான். அவனே கையெழுத்துப் போட்டான், இடது கையில. யாரும் அடிச்சுக் கேக்கல, மெரட்டிக் கேக்கல. வண்டிய சோதிச்ச ஆபீசரும் பிரேக் சரி, ஸ்டியரிங் சரி, மோதினதுல முன்பக்கம் நொறுங்கியிருக்குதுன்னு எழுதிட்டாரு. அப்பறம் என்னுங்க வேணும்?

போலீஸ்ல வண்டிய விட்டதும் இழுத்துட்டு வந்து இங்க நிறுத்தினாங்க. லூர்து சக்கரத்தைக் கழட்டினான். நான் பக்கத்துலதான் நின்னேன். ஆர்ம் ரெண்டு துண்டா வந்துச்சு. கிண்ணம் சேர்ற எடத்துலதான் உடைஞ்சிருந்துச்சு. லூர்து அந்த உடைஞ்ச முகத்தைப் பாத்துட்டு உக்காந்த எடத்துலயே உக்காந்துட்டான். நானும் எட்டிப் பாத்தேன். முக்காவாசி கறுத்துப் போய், துரு ஏறி, ஓரத்துல எம் பட்டி ஒட்டிட்டு இருந்துச்சு. மீதிக் கொஞ்சம் மட்டும் பளிச்சுன்னு புதுசாட்டம். ரத்தமும் மழையும் பட்டா இரும்பு கறுக்காதுங்களா? பட்டி மட்டும் அசையல பாருங்க, அவ்வளவு மோதியும். அப்படிப் பிடிச்சிருந்துச்சு.

"அண்ணா..."ன்னு லூர்து என்னமோ சொல்ல வந்தான். அதுக்குள்ள தனபாலு மாடியில இருந்து எறங்கி வந்துட்டான். கட்டுப் போட்ட கை கழுத்துல தொங்குது. ஓடி வந்து லூர்து தோள்ல கைய வெச்சு, காதோட சொன்னான். காதோடதான், ஆனா எனக்குக் கேட்டுச்சு. "அதை எடுத்துட்டுப் போயிருங்கண்ணா. மாமா பாக்க வேண்டாம். யார்கிட்டயும் காட்ட வேண்டாம்."

பாத்தீங்களா? தப்புப் பண்ணாதவன் எதுக்குங்க மறைக்கோணும்? மோதினதுல உடைஞ்ச சாமான்னா கெடந்துட்டுப் போகுது. அதை எதுக்கு சாக்குல போட்டுக் கட்டி அனுப்போணும்? அன்னிக்கே என் மனசுல விழுந்துருச்சு. லூர்துவும் அதுக்கப்பறம் இந்த வாசலுக்கு வர்றதில்ல. ரோட்டுல பாத்தா வண்டிய அந்தப் பக்கம் திருப்பிக்கறான். அவனையும் சரிக்கட்டிட்டான்.

வருசத் திதி வந்துச்சு. ஒறம்பரை எல்லாம் வந்திருந்தாங்க, உடுமலைல இருந்து அவ அக்கா, அந்த அக்கா மகன், புதுப் பொண்ணு. படத்துக்கு மாலை போட்டு, சோறு படைச்சு வெச்சிருக்குது. தனபாலு வந்து விழுந்து கும்பிட்டான். எனக்குத் தாங்கலீங்க. ஒரு வருசமா அடக்கி வெச்சது. "எந்திரிக்காத. அப்படியே இரு. அவ முன்னால ஒருக்கா வாயத் தொறந்து சொல்லு. யாரு தப்பு?"ன்னு கேட்டேன்.

கோகிலா அடுப்படில இருந்து, "அப்பா!"ன்னா.

அவன் எந்திரிக்கல. படத்தைப் பாத்துட்டே சொன்னான், "என் தப்புதாங்க மாமா. நான்தான் வண்டிய எடுத்திருக்கக் கூடாது. ஒருக்கா சக்கரத்தைக் கழட்டிப் பாத்திருக்கோணும். நம்பி எடுத்துட்டேன்."

"ரோட்டை நம்பினயா, நாயை நம்பினயா?"ன்னேன்.

கோகிலா கையில இருந்த கரண்டியக் கீழ போட்டுட்டு மாடி ஏறிப் போயிட்டா. அவ பெரியம்மா போய்ச் சாப்பிடக் கூப்பிட்டும் வரல. எம் பொண்டாட்டி திதிச் சோறு எம் மக சாப்பிடல.

அப்பறம் கோர்ட்டு. வண்டி எம் பேர்ல இருக்கறதால என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டாங்க. நல்ல சட்டை போட்டுட்டுப் போனேன். வண்டி எந்த நெலமைல இருந்துச்சுன்னு அரசாங்க வக்கீல் கேட்டாரு. சொன்னேன். ஒவ்வொரு சாமானா எப்படிக் கழட்டினேன், எப்படித் தேச்சேன், எத்தனை கோட்டு அடிச்சேன்னு சொன்னேன். ஜட்ஜு பேனாவக் கீழ வெச்சுட்டுக் கேட்டுட்டு இருந்தாரு. "அந்த வண்டில ஒரு குறை இல்லீங்கய்யா, பரிசு வாங்கின வண்டி"ன்னேன்.

தனபாலோட வக்கீல் எந்திரிச்சாரு. சின்னப் பையன். "முன் இடது ஆர்ம் பத்தி..."ன்னு ஆரம்பிச்சாரு. குத்தவாளிக் கூண்டுல இருந்து தனபாலு, "வேண்டாம் சார்"ன்னான். வக்கீல் திரும்பிப் பாத்தாரு. "மாமாகிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாம் சார்"ன்னான். ஜட்ஜே ஒரு மாதிரிப் பாத்தாரு. வக்கீல் உக்காந்துட்டாரு. என்னத்தைக் கேப்பாருங்க? கேட்டா நான் சொல்லியிருப்பேன்ல, கோலமாவுக் கதையெல்லாம்.

ஒரு வருசம்னு தீர்ப்பாச்சு. அபராதம்தான் போடுவாங்கன்னு நெனச்சிருந்தாங்களாம். காலேஜ்ல வேலையும் போச்சு. அப்பீல் போலாம்னு வக்கீல் சொன்னதுக்கு, "இல்ல சார், போதும்"னுட்டானாம். தப்புன்னு மனசுல இருக்கப் போயித்தானுங்களே?

அதுக்கு அடுத்த வாரம் கோகிலா சாமானெல்லாம் கட்டி ஆட்டோவுல ஏத்திட்டா. சாவியக் கொண்டாந்து இந்த டேபிள் மேல வெச்சா. நெத்தில தையல் போட்ட தழும்பு இன்னும் தெரியுது. அவ அம்மா சாடை அப்படியே.

"அப்பா, நான் உங்ககிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். நாய் வரலீங்கப்பா."

"என்ன?"

"நான் பின்னாடிதான் உக்காந்திருந்தேன். நாயும் வரல, ஒண்ணும் வரல. அவரு மெதுவாத்தான் ஓட்டிட்டு இருந்தாரு. அம்மா பேசிட்டு இருந்தாங்க. கீழ டப்புன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான்."

"அப்பப் போலீஸ்ல பொய் சொல்லியிருக்கறான்! நாய் வந்துச்சுன்னு பொய்யா எழுதிக் குடுத்திருக்கறான்! ஏம்மிணி, இத நீ கோர்ட்டுல சொல்ல வேண்டியதுதானே? பொய் சொன்னதுக்கு இன்னும் ரெண்டு வருசம் சேத்துப் போட்டிருப்பாங்கல்ல?"

கோகிலா என்னையவே பாத்துட்டு நின்னா. கோபமாப் பாத்தா நான் தாங்கியிருப்பேன். அவ கோபமாப் பாக்கல. ஆஸ்பத்திரில, பொழைக்க மாட்டான்னு டாக்டர் சொன்ன ஆளைப் பாப்பாங்களே, அப்படிப் பாத்தா.

"உங்களுக்கு நெசமாலுமே தெரியலீங்களாப்பா?"

"என்ன தெரியல? சொல்லு."

"சொல்ல மாட்டேன்னு அவருக்கு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கறேன். அம்மா போயிட்டாங்க, நீங்களாவது இருக்கோணுமாம்"னா. அப்பறம் சேலைத் தலைப்புல மூஞ்சியத் தொடைச்சுட்டு, "மாத்திரைய நேரத்துக்குப் போட்டுக்குங்க. கண்ணுக்கு மருந்து அலமாரில வெச்சிருக்கறேன்"னா.

எனக்கு ஒண்ணும் புரியலீங்க. நான் இருக்கறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நான் பாட்டுக்கு இருக்கறேன். அவன்தான் எதையோ சொல்லி அவ மனசைக் கெடுத்து வெச்சிருக்கறான். ஒரு மாசமா நானும் இந்த நாற்காலில உக்காந்து யோசிச்சுப் பாக்கறேன். யோசிக்க ஆரம்பிச்சா எந்திரிச்சு வேற வேலை பாக்கப் போயிருவேன்.

"இருந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போ கண்ணு"ன்னேன். "நானே சோறு வடிச்சிருக்கறேன்."

"இன்னிக்கு ஜெயில்ல மனுப் போட்டு அவரைப் பாக்கற நாளுங்கப்பா. நேரமாச்சு"ன்னா.

கையில ஒரு பை. எட்டிப் பாத்தேன். பழமும் பிஸ்கட்டும், தொவைச்சு மடிச்ச சட்டை ஒண்ணும். அம்மாவைக் கொன்னவனுக்குங்க. கேட்டைத் தாண்டி ஆட்டோவுல ஏறி உக்காந்தா. திரும்பிப் பாப்பான்னு நெனச்சு வெயில்ல நின்னுட்டே இருந்தேன். பாக்கல. ஆட்டோக்காரன்தான் பாத்தான். "பெரியவரே, கேட்டை மூடிட்டு உள்ள போங்க"ன்னுட்டுப் போயிட்டான்.